பழவேற்காட்டு வீட்டுக்கு ஸ்டேர் லிஃப்ட்: ஒரு செலவுக் கையேடு

ஸ்டேர் லிஃப்ட் வாங்குவதற்கு முன், வீட்டில் மாடிப்படி இருக்கிறதா என்று ஒருமுறை வெளியே வந்து பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. இந்தக் கருவியைப் பற்றி ஊர் உலகத்தில் வந்திருக்கும் யோசனைகள் எல்லாமே வீட்டுக்கு மாடி உண்டு, மாடியில் படுக்கையறை உண்டு, அந்த அறையில் முட்டி போன ஒரு ஆயா உண்டு என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இந்த மூன்றும் ஒரே வீட்டில் அமைவது அபூர்வம். லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம் என்று ஒரு நடை போய் வாருங்கள். படிக்கட்டு வைத்த வீடுகள் தென்படும். அந்தப் படி ஏறிப்போய் நிற்கிற இடம் மொட்டை மாடி. அங்கே கருவாடு காயும். கருவாட்டின் மேல் காக்காய்க்காகக் கிழிந்த வலை விரித்திருக்கும். நான்கு மூலையிலும் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்த நல்ல சீசனில் மேலே ஓர் அறை எழுப்புவதற்காக. அந்த நல்ல சீசன் எந்த வருடம் என்று மட்டும் கம்பியைக் கேட்கக்கூடாது.

ஆகவே மேலே அறை இல்லாதவர்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக லிஃப்ட் போய்ச் சேருவதற்கு ஓர் அறை என்று எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலி ஏறி மேலே போன பிறகு ஆயா கருவாட்டுக்கு நடுவே படுக்க முடியாது.

அறை கட்டுவதுதான் கட்டுகிறோம், அதற்கும் மேலே இன்னொன்று எழுப்பி நீளமாக ஒரே தண்டவாளம் போட்டுவிடலாமே என்று மூத்த மகன் யோசிப்பார். வேண்டாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-இல் வந்ததும் சரி, 2019-இல் வந்ததும் சரி, இப்படிப்பட்ட கரையோரக் கிராமங்களில் மீனவர் கட்டும் வீட்டுக்கு 9 மீட்டர் உயரம், தரைத்தளத்தோடு ஒரே ஒரு மாடி என்று கணக்கு வைத்திருக்கிறது. இதே கரையில் துறைமுகங்கள் எவ்வளவு தூரம் கடலுக்குள் கை நீட்டலாம் என்பது வேறு கணக்கு, அதை இங்கே எடுக்க வேண்டாம். நம் விஷயத்தில் சட்டம் நல்லதே செய்திருக்கிறது. முதியவர்களின் முட்டிக்குச் சாதகமாக இந்த நாட்டில் எழுதப்பட்ட விதி இது ஒன்றுதான், எழுதியவர்களுக்கே தெரியாமல்.

இனி கருவி. படிகளின் ஓரமாக ஓர் உலோகத் தண்டவாளம், அதில் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு ஏறும் ஒரு நாற்காலி. நிறையப் பேர் தண்டவாளம் சுவரில் மாட்டப்படுகிறது என்று நினைக்கிறார்கள். படியில்தான் கால் ஊன்றி போல்ட் போட்டு இறுக்குவார்கள். இந்த விவரம் பின்னால் நம் கழுத்தைப் பிடிக்கப் போகிறது, நினைவில் இருக்கட்டும். ஓடுவது 24 வோல்ட் பேட்டரியில். தண்டவாளத்தின் முனையில் வந்து நிற்கும்போது அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், கரண்ட் போனாலும் சில நடை ஏறி இறங்கும். வேகம் விநாடிக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. பத்தடி உயரத்துக்குப் போய்ச் சேர முக்கால் நிமிடம் பிடிக்கும். நம் ஊரில் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்து இருப்பதால் இந்த முக்கால் நிமிடம் வீண்போகாது. தெருவில் போகிறவர்களில் நாலு பேரையாவது நிறுத்தி, யார் வீட்டுக்குப் போகிறாய், கையில் என்ன மீன் என்று ஆயா விசாரித்து முடித்திருப்பார்.

விலை என்று கேட்டால், நேராக ஏறும் படிக்கு இரண்டு முதல் மூன்று லட்சம் வரை சொல்வார்கள். பாதியில் திரும்பி ஏறும் படி என்றால் அந்தப் படிக்கென்றே அளவெடுத்துத் தண்டவாளத்தை வளைத்துச் செய்ய வேண்டும், விலை இரண்டு மடங்கைத் தாண்டும். வரி இதில் சேர்ந்ததா, தனியா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். மீன் ஏலத்தில் நிற்கும்போது உங்களுக்கு இருக்கிற சாமர்த்தியம் ஏசி அறையில் உட்கார்ந்ததும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

எங்கிருந்து வருகிறது இந்தச் சாமான்? கணிசமாக ஹாலந்திலிருந்து. ஓட்டோலிஃப்ட் என்ற பெயரில் ஸ்டேர் லிஃப்ட் செய்கிற குடும்பக் கம்பெனி அங்கே பெர்காம்பாக்ட் என்ற ஊரில் இருக்கிறது. பழைய டச்சுக்கார வீடுகளின் முகப்பு ஒடுக்கம், படி செங்குத்து. மேசை நாற்காலியை ஏற்ற முடியாமல் கூரைக்குக் கீழே கொக்கி அடித்து, கயிறு கட்டி, ஜன்னல் வழியாக இழுப்பார்கள். அந்த ஊரில் வயதானவர்களுக்கு நாற்காலி ரயில் விட்டதில் ஆச்சரியமில்லை. இதே ஆட்கள்தான் 1613-இல் நம் ஊரில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தவர்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள், 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இங்கிருந்து துணியை ஏற்றினார்கள், அடிமைகளை ஏற்றினார்கள். விட்டுச் சென்றது ஒரு மேடு, ஒரு அகழி, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய ஒரு கல்லறைத் தோட்டம். ஆகவே விலை பேசும்போது பழைய பாக்கியைச் சொல்லித் தள்ளுபடி கேட்கலாம். கொடுக்க மாட்டார்கள். கேட்பதற்குக் காசில்லை.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்குக் குறைந்த விலை மாதிரி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னருக்கு உடம்பு பெருத்துக் கால் போன காலத்தில், வைட்ஹால் அரண்மனையில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வேலையாட்கள் கயிறும் கப்பியும் கொண்டு 20 அடிப் படிக்கட்டில் இழுத்து ஏற்றினார்கள் என்று வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்கி சொல்கிறார். கயிறு நம்மிடம் இருக்கிறது. கப்பி இருக்கிறது. இழுக்கத் தெரிந்த கை குப்பம் முழுக்க இருக்கிறது. சிக்கல் கூலியில் வரும். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பழகிய ஊரில், இழுத்து முடித்ததும் எல்லோரும் சுற்றி நின்று பங்கு எங்கே என்பார்கள். வலையில் இருப்பது ஆயா ஒருவர்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை என்று போட்டுப் பாருங்கள், ஹாலந்து மாடல் மலிவாகத் தெரியும்.

அடுத்து அளவெடுப்பு. சென்னையிலிருந்து ஒருவர் டேப்போடு வருவார். அவர் வருவதற்கு முன் நீங்களே அளந்து வைத்திருங்கள், அதிர்ச்சி தனியாக இருக்கும்போது வருவது நல்லது. மடக்கி வைத்தாலும் நாற்காலி ஓர் அடிக்குக் குறையாமல் இடத்தை அடைக்கும். குப்பத்து வெளிப்படியின் அகலம் பல வீட்டில் இரண்டரை அடி. மீதி ஒன்றரை அடியில் மருமகள் தலையில் கருவாட்டுக் கூடையும் இடுப்பில் குடமுமாக ஏற வேண்டும், கைப்பிடிச் சுவர் இல்லாத படியில். ஆயாவின் முட்டியைக் காப்பாற்றப் போய் மருமகளின் இடுப்பை உடைத்தால் அந்த ஆஸ்பத்திரிச் செலவையும் இதே பட்ஜெட்டில்தான் எழுத வேண்டும்.

போல்ட் படியில் இறங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? படி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சுத்தியல் போதும். தட்டுங்கள். கணீரென்று கேட்டால் அதிர்ஷ்டம். பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிவிட்டது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். உப்புக்காற்று இந்த வேலையை இரவு பகல் பாராமல் செய்கிறது, மீன்பிடித் தடைக்காலமும் அதற்குக் கிடையாது. மேலே பூச்சு நன்றாக இருக்கும், வண்ணம்கூட அடித்திருக்கும். துளை போட்டதும் கையோடு பெயர்ந்து வரும். அப்படியென்றால் படியை இடித்துக் கட்ட வேண்டும். படியை இடித்தால் அது ஒட்டியிருக்கும் சுவர் சும்மா இருக்காது. சுவரில் கை வைத்தால் மேஸ்திரி பேஸ்மெண்டைப் பார்க்க வேண்டும் என்பார். ஒரு நாற்காலிக்காகத் தொடங்கி வீட்டையே புதிதாகக் கட்டி முடித்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களிடம் நாற்காலி வாங்கப் பணம் மிஞ்சியிருக்காது.

வெளிப்படி என்பதால் வெயில் மழைக்குத் தாங்கும் மாடலைத்தான் கேட்க வேண்டும், அதற்கு விலை கூடுதல். கூடவே ஒரு நல்ல உறை வேண்டும். கம்பெனி உறை கிழிந்த பிறகு கவலை வேண்டாம். பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிற பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், நாற்காலிக்கு ஒரு குடலை முடைந்து தரச் சொன்னால் சிரித்துக்கொண்டே முடைந்து தருவார்கள்.

பணத்துக்கு வருவோம். இங்கேதான் கையேடு கொஞ்சம் நிதானமாக நடக்க வேண்டும்.

அரசாங்கத்தில் இருந்து ஒரு மீனவக் குடும்பத்துக்கு வருடத்தில் என்ன வருகிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு 8,000 ரூபாய். 2023-இல்தான் 5,000-லிருந்து உயர்த்தினார்கள். மீன் குறைந்த மழைக்காலத்துக்கு 6,000. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் தலைக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் திருப்பித் தரும். வீட்டுப் பெண்ணுக்கும் அப்படியே ஒரு திட்டம். நீங்கள் கட்டியதைக் கழித்தால் கையில் நிகரமாக வருவது 20,000. லிஃப்ட் மூன்று லட்சம். வகுத்தால் 15 வருடம். இந்த 15 வருடமும் தடைக்காலத்திலும் மழையிலும் குடும்பம் சோறு சாப்பிடாமல் இருந்தால் போதும், லிஃப்ட் உறுதி.

ஆயாவின் சொந்த வருமானத்தை ஏன் விட வேண்டும் என்று கேட்பீர்கள். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200. அதை மட்டும் ஒரு பைசா தொடாமல் சேர்த்தால் 20 வருடம் 10 மாதத்தில் மூன்று லட்சம் சேர்ந்துவிடும். ஆயாவுக்கு இப்போது 72. லிஃப்டில் முதல்முறை உட்காரும்போது 93-ஐ நெருங்கியிருப்பார். அந்த வயதில் மாடிக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவரே கேட்டாலும் கேட்பார். வெற்றிலைப் பாக்குச் செலவை இந்தக் கணக்கில் கழிக்கவில்லை. கழித்தால் கணக்கு முடிவதில்லை.

கடன் வாங்கலாம். வங்கி பட்டாவைக் கேட்கும். மணல்மேட்டில் நாலு தலைமுறையாக இருந்தாலும் பட்டா என்றதும் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற குடும்பங்கள் உண்டு. சுய உதவிக் குழுவில் கேட்டால் தொழில் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ‘உட்கார்ந்து மேலே போதல்’ என்று எழுத முடியாது. நகையை அடகு வைக்கலாம். ஏற்கெனவே போன வலைக்கு வைத்தது இன்னும் மீளவில்லை என்றால் அதுவும் அடைத்த கதவு. மிச்சம் இருப்பது வியாபாரி. வட்டி என்ற சொல்லையே எடுக்காமல் முன்பணம் தருவார், பிடிக்கிற இறாலை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. அந்த வழியில் வாங்கினால் லிஃப்டின் உண்மையான விலை எந்த பில்லிலும் தெரியாது. ஒவ்வொரு கிலோ இறாலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயா மாடி ஏறிக்கொண்டே இருப்பார்.

இந்த இடத்தில் வீட்டில் ஒரு கேள்வி கிளம்பும். யார் கிளப்பினார்கள் என்று பின்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘இந்தக் காசுக்குப் படகுக்கு ஒரு புது எஞ்சின் போடலாமே?’ எஞ்சினுக்கு மீன்வளத் துறையில் மானியம் உண்டு, லிஃப்டுக்கு இல்லை. எஞ்சின் சம்பாதிக்கும், லிஃப்ட் சம்பாதிக்காது. இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாது. ஆயாவே எஞ்சின் பக்கம்தான் ஓட்டுப் போடுவார். பட்ஜெட் போடுகிறவர் இந்தக் கேள்வி வருவதற்கு முன் எழுந்து வெற்றிலை துப்பப் போய்விடுவது உத்தமம்.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இங்கிலாந்தில் உடல் இயலாதவர் வீட்டை மாற்றிக் கட்ட உள்ளாட்சி மன்றம் 30,000 பவுண்டு வரை மானியம் தருகிறது, வருமானத்தைப் பார்த்து. ஹாலந்தில் தேவை என்று தீர்மானமானால் நகராட்சியே ஏற்பாடு செய்துவிடும். நமக்கு 2017-இல் வந்த வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. ஏழை முதியவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, காது மெஷின், பல் செட், கண்ணாடி எல்லாம் இலவசம். பட்டியலை எத்தனை தடவை படித்தாலும் ஸ்டேர் லிஃப்ட் வராது. ஆனால் பல் செட் வரும். லிஃப்ட் விலையைக் கேட்டுச் சிரிக்க அது உதவும்.

பொருத்துகிற நாள் எது என்று கேட்டால் என் யோசனை, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாள். அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்னமே அறிவிப்பு வந்துவிடும். ஆம்பளைகள் எல்லோரும் கரையில் சும்மா இருப்பார்கள், பளு தூக்க ஆள் தேட வேண்டாம். அன்றைக்கு ஒரு வேலை பார்த்த மாதிரியும் இருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கத்தில் எல்விஎம்3 ராக்கெட் நாலு டன் எடையுள்ள செயற்கைக்கோளை வானத்துக்கு ஏற்றும். இந்தப் பக்கத்தில் 55 கிலோ ஆயாவைப் பத்தடி ஏற்ற, சுமார் 60 கிலோமீட்டர் தாண்டி சென்னையிலிருந்து கிளம்பிய டெக்னீசியன் பொன்னேரியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் வந்து சேரும்போது ராக்கெட் சுற்றுப்பாதையில் இருக்கும்.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது புயல், வெள்ளம் இவை சேர்ந்ததா என்று பாருங்கள். சேர்ந்திருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு ஏரிக்குள் தண்ணீரைக் கொட்டும், முகத்துவாரம் மணல் மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போக வழி தெரியாமல் வாசலுக்கு வந்து நிற்கும். ஐப்பசி பிறந்ததும் நாற்காலியை மேல் முனையிலேயே நிறுத்திப் பழகுங்கள். கீழே விட்டால் முதலில் நனைவது சார்ஜ் முனை. மேலே நிறுத்தினால் ஆயா கீழே இருக்கும்போது என்ன செய்வது என்றால், அதற்கு ரிமோட் இருக்கிறது. ரிமோட் பேரனிடம் இருக்கும். பேரன் கோட்டைக்குப்பத்தில் கிரிக்கெட்டில் இருப்பான்.

தாங்கும் எடை 120 முதல் 140 கிலோ வரை என்று அட்டையில் போட்டிருக்கும். ஆள் மட்டும்தான் உட்கார வேண்டும் என்றும் போட்டிருக்கும். முதல் வரியை மட்டும் எல்லோரும் படிப்பார்கள். ஓர் ஐஸ் பார் 50 கிலோ, இரண்டு வைக்கலாம், மேலே ஒரு தண்ணீர்க் குடமும் வைக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஐஸ் உருகி மோட்டாருக்குள் போகும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ராட்டினம். ஊரில் முட்டி வலிக்காத கிழவி இல்லை என்பதால் அவர்களும் வருவார்கள், ‘ஒரே ஒரு தபா’ என்று. அவர்களுக்கு மாடியில் வேலை இல்லாவிட்டாலும் போய்விட்டு வர ஆசை இருக்கும்.

கூட்டம் சேர்ந்துவிட்டால் தீர்க்க இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்தத் துறையில் சுத்து வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கும் ‘பாடு’ என்ற வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. நல்ல இடம் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு அவனுக்கு. வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போன ஏற்பாடு. லிஃப்டுக்கும் அதையே வையுங்கள்: செவ்வாய் வடக்குத்தெரு ஆயாக்கள், புதன் கோயில் தெரு. செலவைத் தலைக்கட்டு வரியில் போட்டால் ஒரு வீட்டுக்குச் சில நூறில் முடியலாம். இந்தக் கையேட்டில் நடக்கக்கூடிய யோசனை அநேகமாக இது ஒன்றுதான். ஒரே இடைஞ்சல், யார் வீட்டுப் படியில் பொருத்துவது என்பதற்கு ஊர்க்கூட்டம் கூட வேண்டும். கங்கையம்மன் திருவிழாக் கணக்கே இன்னும் பைசலாகாத ஊரில் அது எப்போது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு யாராவது கேட்டே ஆக வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. ஆயா எதற்காக மாடியில் இருக்கிறார்?

விசாரித்தால் கிடைக்கிற பதில்: ‘மேல நல்லா காத்து வரும், அத்தைக்கு அதான் புடிக்கும்.’ அந்தக் காற்றை வீட்டில் வேறு யாரும் இதுவரை கேட்டதில்லை. கீழே முன்னறையில் டிவியும் மூத்த மகன் குடும்பமும். உள்ளறையில் இளையவன் குடும்பம், கல்யாணமான போது பிரித்துக் கொடுத்தது. பின்னால் எஞ்சின், ஐஸ் பெட்டி, மழைக்கு நனையக்கூடாத புது வலை. எஞ்சினை மாடிக்கு ஏற்ற முடியாது, கனம். ஆயா கனம் இல்லை, அப்போது அவரே நடந்து ஏறினார். இந்த ஏற்பாடு எந்த நாளில் முடிவானது என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. யாரும் முடிவு செய்யவில்லை, ஒவ்வொரு சாமானாகக் கீழே வர வர ஆயா ஒவ்வொரு படியாக மேலே போயிருக்கிறார்.

1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிரிஸ்பன் என்பவர், நோயில் விழுந்து மாடியிலேயே கிடந்த ஒரு நண்பருக்காகத்தான் படியேறும் நாற்காலியைச் செய்தார் என்று சொல்வார்கள். கட்டிலைக் கீழே இறக்கிப் போடுங்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒரு பெரிய தொழிலே அந்த மௌனத்திலிருந்து பிறந்திருக்கிறது.

கீழே இறக்குவதற்கும் ஒரு பட்ஜெட் போட்டுப் பார்த்துவிடலாம், ஒப்பிடுவதற்காக. கட்டிலை இறக்க இரண்டு ஆள், இரண்டு டீ. கழிவறையில் உட்கார்ந்து எழக்கூடிய வெஸ்டர்ன் சீட், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி, துருப்பிடிக்காத தரத்தில். வெள்ளத்துக்காக வாசலை இரண்டு மூன்று படி உயர்த்திக் கட்டியிருப்பீர்கள், அந்த இடத்தில் ஒரு சிமெண்ட் சரிவு. இரவுக்கு ஒரு விளக்கு. லிஃப்டுக்கு முன்பணம் என்று கட்டுகிற தொகையிலேயே எல்லாம் அடங்கிவிடும். இதில் எழுத முடியாத ஒரு செலவு இருக்கிறது: முன்னறையை யார் விட்டுக்கொடுப்பது? மூத்தவன் இளையவனைப் பார்ப்பான். இளையவன் பெஞ்சாதியைப் பார்ப்பான். அவள் டிவியைப் பார்ப்பாள். ஒருவரும் வாய் திறக்காத அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்க முடியாமல்தான் யாராவது ஒருவர், ‘பேசாம லிஃப்டே போட்டுடலாம்’ என்பார்.

ஆயாவையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்பது வருடம் தலையில் மீன்கூடை வைத்துப் பொன்னேரி பஸ்ஸில் ஏறி இறங்கியவர். முட்டி தேய்ந்தது வீட்டுப் படியில் அல்ல, அந்த பஸ் படியில். தரையிலிருந்து முதல் படி அவ்வளவு உயரம், கூடையோடு ஏறுவதற்குள் விசில் ஊதிவிடும். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல காரியம், ஏற்றிவிடுவது மட்டும் அதில் சேரவில்லை. புயல் வந்தால் ஓடிப்போய் ஒதுங்குகிற பாதுகாப்பு மையம் உயரத்தில் இருக்கிறது, அதுவும் ஏற்றம். சென்னைப் பக்கம் போனால் நொச்சிக்குப்பத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி. அங்கே குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்த கிழவியிடம் இந்தக் கையேட்டைக் கொடுத்தால் அவர் ஒரு பக்கத்தையும் விடாமல் படிப்பார். உண்மையில் இது அவருக்காக எழுதப்பட வேண்டியது, ஆனால் அந்தப் படிக்கட்டு அவருடையது அல்ல, போல்ட் போட, குடியிருப்பைக் கட்டிய வாரியத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

இருந்தாலும் நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடைசியாக மறுவிலையைப் பற்றி. நேர்த் தண்டவாளத்தைக் கழற்றி, அளவுக்கு வெட்டி, இன்னொரு வீட்டுப் படியில் போடலாம். பழையதுக்கும் ஏதோ விலை உண்டு. வளைந்த தண்டவாளம் உங்கள் வீட்டுப் படிக்கு மட்டும் பிறந்தது, வேறு எங்கும் உட்காராது, பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். அதனால் கூடிய வரை நேர்ப் படியாகவே வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் வந்த மூன்றாம் மாதமே பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஆயா அதில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கும்போதே, ‘உங்களுக்கு வேணாம்னு ஆனப்புறம் எங்களுக்கே குடுத்துடு, எங்க மாமியாருக்கும் முட்டி போயிட்ச்சு’ என்று மருமகளின் காதில் சொல்வாள். வீட்டில் எல்லோரும் பதறி, வாயை மூடு என்று சைகை காட்டுவார்கள். பதற வேண்டாம். கூடை வியாபாரத்தில் பழுத்தவர் விலையைப் பார்த்துக்கொள்வார்.

‘இன்னாத்துக்கு அப்புறம்? இப்பவே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போ. வேற ரெண்டு பேர் கேட்டுகினு கீறாங்க.’